கேம்பிரிட்ஜ் கல்லூரிப் படகில் முதல் ஆண்டு: துடுப்பையும் படிப்பையும் சேர்த்து நடத்த முழுமையான வழிகாட்டி

கேம்பிரிட்ஜில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் கல்லூரியின் படகுக் கழகத்தினர் உங்களைத் தேடி வந்துவிடுவார்கள். அவர்கள் அதிகம் தேடுவது இதுவரை துடுப்பைத் தொடாதவர்களைத்தான். அப்படிச் சேர்கிறவருக்கு அங்கே 'நாவிஸ்' என்று பெயர். நானும் நாவிஸாகத்தான் சேர்ந்தேன். நான்கு ஆண்டுகள் கல்லூரிப் படகில் இருந்தேன். அதில் இரண்டு ஆண்டுகள் கீழ்நிலைப் படகுகளின் கேப்டன். எந்த நாளில் யார் எந்த இருக்கையில் உட்கார்வது என்று வாராவாரம் பட்டியல் போட்டது நான்தான்.

புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். 'சமாளிச்சுக்கலாம்' என்று முதலில் தலையாட்டிவிட்டு, கணக்கை அப்புறம் போடுகிறார்கள். இந்த வழிகாட்டியின் வேலை அந்த வரிசையை மாற்றுவது. இரண்டாம் பகுதியில் சொல்லியிருப்பதைச் செய்து முடிக்காமல் மூன்றாவதுக்குப் போகாதீர்கள்.

1. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடிக்க வேண்டியவை

முதலில் நீச்சல். லேசான உடையோடு 50 மீட்டராவது நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவான எதிர்பார்ப்பு. நம் ஊரிலிருந்து வருகிற பலருக்கு நீச்சல் தெரியாது, இது தெரிய வருகிற நாளில் முகம் வாடிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். கேம்பிரிட்ஜிலும் கற்றுக்கொள்ளலாம், பார்க்சைடில் நல்ல நீச்சல்குளம் இருக்கிறது. ஆனால் பருவம் தொடங்கிவிட்டால் அதற்கு நேரம் கிடைக்காது. ஜூலை, ஆகஸ்டில் ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது சைக்கிள். கல்லூரிகளின் படகுக்கூடங்கள் மிட்சம்மர் காமன் என்ற புல்வெளியை ஒட்டிய ஆற்றங்கரையில் இருக்கின்றன. காலையில் அங்கே போய், அங்கிருந்து நேராக வகுப்புக்குப் போக சைக்கிள்தான் வழி. முன்னும் பின்னும் விளக்கு வேண்டும், ஏனென்றால் நீங்கள் கிளம்பும்போது இருட்டாக இருக்கும்.

மூன்றாவது உடல்நிலை. ஆஸ்துமா, இதயக் கோளாறு, பழைய முதுகுவலி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, சேரும்போதே கழகத்திலும் சொல்லுங்கள். மூச்சு மருந்து உள்ளவர் அதைப் படகிலேயே கொண்டுபோக வேண்டும். நீங்கள் ஆற்றின் நடுவில் இருக்கும்போது அது கரையில் பைக்குள் இருந்து பயனில்லை.

உடைகளை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். உடம்போடு ஒட்டிய கால்சட்டை, இரண்டு மெல்லிய மேலாடைகள், தடித்த காலுறை போதும். முன்பக்கம் பை வைத்த தொளதொள ஸ்வெட்டர் மட்டும் கூடாது. ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் துடுப்பின் கைப்பிடி வயிற்றுக்கு அருகில் வரும். அது அந்தப் பைக்குள் மாட்டிக்கொண்டால் படகே தடுமாறும். கண்ணாடி போடுபவர்கள் பின்னால் கட்டும் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

2. படகைப் பற்றிப் பேசும் முன் பாட அட்டவணையை எழுதுங்கள்

கேம்பிரிட்ஜில் ஒரு பருவத்தின் பாட நாட்கள் எட்டு வாரம்தான். அக்டோபரில் தொடங்குவது மைக்கல்மஸ், ஜனவரியில் லென்ட், ஏப்ரல் கடைசியில் ஈஸ்டர். எட்டு வாரத்தில் ஒரு வாரம் தவறினால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அதை ஈடுகட்ட இடைவெளி எதுவும் நடுவில் கிடையாது. ஆகவே அட்டவணைதான் முதலில்.

ஒரு பெரிய தாள் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை, காலை 6 முதல் இரவு 11 வரை கட்டம் போடுங்கள். இயற்கை அறிவியல் படிப்பவர்கள் சனிக்கிழமையை விட்டுவிடாதீர்கள், சனிக்கிழமை காலையிலும் விரிவுரை உண்டு. இனி கீழே சொல்கிற வரிசையில் நிரப்புங்கள்.

முதலில் விரிவுரைகளும் ஆய்வகமும். இவற்றின் நேரம் உங்கள் கையில் இல்லை. இடத்தையும் சேர்த்தே எழுதுங்கள். படகுக்கூடத்திலிருந்து மேற்கு கேம்பிரிட்ஜ் வளாகத்துக்கு சைக்கிளில் இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும். நகர நடுவில் வகுப்பு உள்ளவருக்கு அதில் பாதி போதும்.

இரண்டாவது சூப்பர்விஷன். ஒன்றிரண்டு மாணவர்கள், சில நேரம் மூன்று பேர், ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிற வகுப்பு இது. இங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை, தயாராகாமல் போனால் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சூப்பர்விஷன் நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. கட்டுரையையோ கணக்குத் தாளையோ ஒப்படைக்க வேண்டிய நேரத்தை வேறு மையில் எழுதுங்கள். பெரும்பாலும் அது ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னால் இருக்கும். உண்மையான கெடு அதுதான்.

மூன்றாவது, அந்த வேலையைச் செய்யும் நேரம். இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஒரு வரலாற்றுக் கட்டுரைக்குப் படிக்க இரண்டு நாள், எழுத ஒரு நாள் என்றால் அந்த மணிகளும் கட்டத்துக்குள் வர வேண்டும். முதல் வாரத்தில் எவ்வளவு ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் நினைப்பதைப் போல ஒன்றரை மடங்கு போடுங்கள். மூன்றாம் வாரத்தில் திருத்திக்கொள்ளலாம்.

நான்காவது தூக்கம், சாப்பாடு, துணி துவைப்பது, வீட்டுக்குப் பேசுவது. குளிர்காலத்தில் கேம்பிரிட்ஜுக்கும் இந்தியாவுக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். படகு முடித்துக் காலை உணவுக்கு உட்காரும்போது அங்கே பிற்பகல். அம்மா அப்பாவோடு பேச எனக்கு மிகவும் வசதியாக அமைந்த நேரம் அதுதான்.

இவ்வளவும் நிரப்பிய பிறகு மிச்சமுள்ள வெள்ளைக் கட்டங்களைப் பாருங்கள். படகுக்கு உரியவை அவை மட்டும்தான்.

முனைவர் பட்டத்துக்கு வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் கட்டம் முழுவதும் வெள்ளையாகத் தெரியும், அதை நம்பாதீர்கள். யாரும் நேரம் குறிக்காததால் எல்லாக் காலையும் ஓய்வாகத் தோன்றும், இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஆய்வகத்தில் ஒன்றும் நகர்ந்திருக்காது. 9.30-க்கு மேசையில் இருப்பேன் என்று நீங்களே ஒரு விரிவுரை நேரத்தை விதித்துக்கொண்டு, அதைத் தாளில் எழுதுங்கள்.

3. பெயர் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்

நாவிஸ் குழுவினர் முதல் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை ஆற்றில் இறங்குவார்கள். இதற்கு 'அவுட்டிங்' என்று பெயர். கூடவே ஒன்றிரண்டு முறை எர்க் (துடுப்புப் பயிற்சி இயந்திரம்) பயிற்சி. கல்லூரியின் முதல் படகுக்குப் போய்விட்டால் இது இரட்டிப்பாகும். பல்கலைக்கழக அணி என்பது வேறு உலகம். தேம்ஸ் ஆற்றில் ஆக்ஸ்போர்டோடு மோதுகிற 6.8 கிலோமீட்டர் பந்தயத்துக்காக ஈலிக்கு ரயிலில் போய்ப் பயிற்சி செய்பவர்கள் அவர்கள். முதல் ஆண்டில் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

கேப்டன் கேட்கும்போது 'எப்ப வேணும்னாலும் வரேன்' என்று சொல்லாதீர்கள். அது பணிவாகத் தோன்றும், ஆனால் பட்டியல் போடுபவருக்கு அதனால் எந்த உதவியும் இல்லை. தாளைப் பார்த்து இப்படிச் சொல்லுங்கள்: "செவ்வாய், சனி காலை கட்டாயம் வருவேன். ஞாயிறு ஒன்றுவிட்டு ஒரு வாரம் வருவேன். வியாழன் எப்போதும் முடியாது, வெள்ளி எனக்குக் கட்டுரைக் கெடு."

காரணம் எளியது. எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகில், படகைத் திருப்பிக் கட்டளை சொல்லும் காக்ஸையும் சேர்த்து ஒன்பது பேர். ஒருவர் வராவிட்டால் ஏழு பேரோடு அந்தப் படகை ஒழுங்காகச் செலுத்த முடியாது. முந்தின நாள் இரவு பதினொரு மணிக்கு 'ஸாரி, கட்டுரை முடியலை' என்று ஒருவர் செய்தி அனுப்பினால், மறுநாள் இருட்டில் எழுந்து வந்த எட்டுப் பேரும் திரும்பிப் போக வேண்டியதுதான். பட்டியல் போடும் முன் நீங்கள் சொல்கிற 'முடியாது'வுக்கு யாரும் வருந்த மாட்டார்கள். பட்டியல் வந்த பிறகு சொல்வதுதான் நட்பைக் கெடுக்கும்.

பட்டியல் வந்த பிறகும் அவசரம் வரலாம். அப்போது நீங்களே மாற்று ஆளைத் தேடிப்பிடித்துவிட்டுக் கேப்டனிடம் சொல்லுங்கள். இதற்காகவே இரண்டாவது வாரத்துக்குள் மற்ற நாவிஸ் படகில் உள்ள மூன்று பேரின் எண்ணையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படகின் இடது, வலது பக்கங்களில் நீங்கள் போடும் அதே பக்கத்தில் துடுப்புப் போடுபவர்களாக இருந்தால் நல்லது.

4. எர்க்: தண்ணீருக்கு முன் பழக வேண்டியது

எர்க் என்பது தரையில் வைத்த துடுப்புப் பயிற்சி இயந்திரம். எல்லாக் கல்லூரியிலும் பெரும்பாலும் கான்செப்ட் 2 நிறுவனத்துடையதுதான் இருக்கும். ஆற்றில் ஒன்பது பேர் இருக்கும்போது உங்கள் பிழையைத் தனியாகத் திருத்த நேரம் இருக்காது. அதனால் அசைவின் வரிசையை இங்கேயே மனப்பாடம் செய்துவிட வேண்டும்.

இழுக்கும்போது கால், முதுகு, கை. திரும்பி வரும்போது கை, முதுகு, கால். இவ்வளவுதான். வலு காலிலிருந்து வருகிறது, கை வெறும் கொக்கி. புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் முதல் நொடியிலேயே கையை மடக்கி இழுக்கிறார்கள், அரை மணியில் முன்கை கடுத்து நின்றுவிடுகிறார்கள். திரும்பும்போது கை முழங்காலைத் தாண்டிய பிறகே முழங்கால் மடிய வேண்டும். இல்லாவிட்டால் படகில் கைப்பிடி முழங்காலில் இடிக்கும்.

இயந்திரத்தின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை ஒரு நெம்புகோல் இருக்கும். 10-ல் வைத்தால் நல்ல பயிற்சி என்று நினைத்து முதல் நாளே முதுகைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. அது சைக்கிள் கியர் மாதிரி, உங்கள் பலத்துக்கான மதிப்பெண் கிடையாது. 3-க்கும் 5-க்கும் இடையில் வையுங்கள்.

திரையில் 500 மீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று காட்டும். 2:00 என்று காட்டுகிற வேகத்தில் 2000 மீட்டர் போனால் எட்டு நிமிடம். பக்கத்தில் இருப்பவரின் எண்ணைப் பார்க்க வேண்டாம். முதல் மூன்று வாரம் மெதுவாக, நிமிடத்துக்கு இருபது இழுப்புக்குள், வடிவம் கெடாமல் இருபது முப்பது நிமிடம் செய்யுங்கள்.

படிப்புக்கு இடையில் எர்க்கைப் பொருத்துவது சுலபம். எட்டுப் பேர் தேவையில்லை, வெளிச்சம் தேவையில்லை. அதனால்தான் அவுட்டிங்கை முதலில் அட்டவணையில் போட்டு, எர்க்கை மிச்சமுள்ள ஓட்டையில் நிரப்பச் சொல்கிறேன். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

5. முதல் அவுட்டிங்

முந்தின நாள் இரவே கொடியின் நிறத்தைப் பாருங்கள். கல்லூரிப் படகுக் கழகங்களின் கூட்டமைப்பான சி.யு.சி.பி.சி. ஆற்று நிலவரத்தைக் கொடி நிறத்தால் அறிவிக்கிறது. பச்சை என்றால் தடையில்லை, சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. இடையில் உள்ள நிறங்கள் பெரும்பாலும் நாவிஸ்களையும் புதிய காக்ஸ்களையும் நிறுத்துவதற்காக. இருட்டில் இறங்கவும் கட்டுப்பாடு உண்டு, அதற்கான நேரப் பட்டியலும் வெளிவரும். கொடி சிவப்பு என்று தெரிந்தால் அந்த நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுக்காதீர்கள், நேரே நூலகத்துக்குப் போங்கள். பருவத்தில் அப்படி மூன்று நான்கு காலை கிடைக்கும். என் மிக நல்ல கட்டுரைகள் சில சிவப்புக்கொடி நாளில் எழுதியவைதான்.

படகைத் தூக்கும் முன் உங்கள் இருக்கையின் எண்ணைக் கேட்டு மனதில் வையுங்கள். முன்முனையில் இருப்பவர் 'பௌ', அவரிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் எட்டாவது 'ஸ்ட்ரோக்'. காக்ஸ் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், "ஃபைவ்" என்றுதான் கூப்பிடுவார். தன் எண் மறந்தவர் பேசாமல் உட்கார்ந்திருக்க, படகு கரையில் போய் இடிப்பது எல்லா அக்டோபரிலும் நடக்கிறது.

ஏறும்போது அடிப்பலகையில் கால் வைக்க வேண்டாம். படகின் ஓடு அவ்வளவு மெல்லியது. கால் வைப்பதற்கென்று ஒரே ஓர் இடம் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் குதிகால் கயிற்றைச் சோதியுங்கள். படகிலேயே பொருத்திய காலணியின் குதிகால் சில சென்டிமீட்டருக்கு மேல் எழாமல் அது கட்டப்பட்டிருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் கால் தானாகக் கழன்று வர உதவுவது அந்தக் கயிறுதான். கயிறு அறுந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், கட்டிய பிறகே கிளம்ப வேண்டும்.

எட்டுப் பேர் படகு கவிழ்வது மிக அரிது. அப்படியே கவிழ்ந்தாலும் படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தப் போகாதீர்கள். படகு மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டிருங்கள். குளிர்ந்த நீரில் நீச்சல் தெரிந்தவருக்கும் மூச்சு பிடிபடாது.

காக்ஸின் சொற்களில் இரண்டை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். "ஈஸி தேர்" என்றால் மெதுவாகப் போடு என்று நம் காதுக்குத் தோன்றும். அதன் பொருள் நிறுத்து. "ஹோல்ட் இட் அப்" என்றால் துடுப்பலகையை நீரில் நிறுத்தி பிரேக் போடு. கேம் ஆறு குறுகலானது. கரையோரம் வசிப்புப் படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கும். டிட்டன் மூலை, கிராஸி மூலை என்று வளைவுகள் வேறு. முன்னால் என்ன வருகிறது என்று பின்னோக்கி உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியாது. இந்த இரண்டு சொல்லுக்கும் யோசிக்காமல் கீழ்ப்படிய வேண்டும்.

அப்புறம் 'நண்டு'. துடுப்பலகை சரியான நேரத்தில் நீரை விட்டு வெளிவராமல் உள்ளே சிக்கிக்கொண்டால் கைப்பிடி உங்கள் மார்பைத் தள்ளும். இதை நண்டு பிடிப்பது என்பார்கள். எல்லாருக்கும் நடக்கும். கைப்பிடியோடு மல்லுக்கட்டாமல் குனிந்து அதைத் தலைக்கு மேல் போக விடுங்கள். படகு நின்றதும் மீட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் காரணம், துடுப்பை இறுக்கிப் பிடித்திருப்பதும் துடுப்பலகையை நீரில் இருக்கும்போதே உள்கையால் திருப்பிவிடுவதும்தான்.

6. ஒரு காலைப்பொழுதின் உண்மையான கணக்கு

'ஒன்றரை மணி நேர அவுட்டிங்' என்று பட்டியலில் இருக்கும். தாளில் ஒன்றரை மணி என்று எழுதினால் முதல் வாரத்திலேயே 9 மணி விரிவுரை தவறும். சரியான கணக்கு இது: எழுந்து தயாராக இருபது நிமிடம், சைக்கிளுக்குப் பதினைந்து, படகை வெளியே எடுத்துச் சரிபார்க்கக் கால் மணி, தண்ணீரில் ஒன்றரை மணி, கரையேற்றித் துடைத்து உள்ளே வைக்கக் கால் மணி, குளித்து உடைமாற்றிச் சாப்பிட நாற்பது நிமிடம். மொத்தம் மூன்றே கால் மணி. படகை உள்ளே வைக்காமல் ஓடுவது மட்டும் கூடாது, அதை மற்ற எட்டுப் பேர் மறக்க மாட்டார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் உதிப்பதே எட்டு மணி நெருங்கும்போது. மாலையில் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். அதனால் வார நாட்களில் காலை அவுட்டிங்கை 9 மணி வகுப்போடு பொருத்துவது நவம்பரில் கடினமாகிக்கொண்டே போகும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைப்பார்கள். அந்த வாரம் உங்கள் தாளைப் புதிதாக எழுதுங்கள். பழைய தாளை வைத்துக்கொண்டு தடுமாறுகிறவர்கள் அதிகமாகக் கண்ணில் படுவது அந்த வாரத்தில்தான்.

பையை இரவே அடுக்கி வையுங்கள்: மாற்று மேலாடை, துண்டு, மடிக்கணினி, அன்றைய குறிப்பேடு. அறைக்குத் திரும்பாமல் வகுப்புக்குப் போக முடிந்தால் அரை மணி மிச்சம். அறைக்குத் திரும்பினால் படுக்கை கண்ணில் படும்.

7. சாப்பாடு, தூக்கம், கை

வெறும் வயிற்றில் போக வேண்டாம், வயிறு நிறையவும் வேண்டாம். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், ஒரு தம்ளர் தண்ணீர். முடிந்த பிறகு கல்லூரி ஹாலில் ஓட்ஸ் கஞ்சியும் முட்டையும் கிடைக்கும். சைவர்கள் மாடியிலுள்ள சின்னச் சமையலறையில் (அங்கே அதை 'ஜிப்' என்பார்கள்) ஞாயிறன்று கொண்டைக்கடலையோ பருப்போ வேகவைத்து நான்கு நாளைக்குக் குளிர்பெட்டியில் வையுங்கள். பயிற்சி நாளில் வெறும் சோறும் ரசமும் போதாது, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நம் தோல் நிறத்துக்கு அந்த ஊர் வெயில் போதாது, வைட்டமின் டி மாத்திரை எடுத்துக்கொள்ளும்படி பிரிட்டிஷ் சுகாதாரத் துறையே சொல்கிறது.

காலை 6 மணிக்கு எழும் நாளுக்கு முந்தின இரவு 10.30-க்குப் படுக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு காலை அவுட்டிங்கை ஏற்காதீர்கள். முதல் நாள் சமாளிப்பீர்கள், இரண்டாம் நாள் பிற்பகல் ஆய்வகத்தில் அளவுகளைத் தப்பாக எழுதுவீர்கள்.

கையில் கொப்புளம் வரும். கையுறை போடாதீர்கள், பிடி நழுவும், கொப்புளமும் குறையாது. உடைந்த இடத்தைக் கழுவிப் பட்டி ஒட்டுங்கள். ஆற்று நீர் பட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி ஆற்று நீரில் இருக்கக்கூடும். சில நாள் கழித்துக் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் மருத்துவரிடம் 'நான் படகு ஓட்டுகிறேன்' என்று மறக்காமல் சொல்லுங்கள்.

8. கட்டுரையைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள்

கெடு வெள்ளி மதியம் 12 என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி காலை அவுட்டிங் வேண்டாம் என்பது எளிதாகப் புரியும். வியாழன் காலையும் வேண்டாம் என்பதுதான் பலருக்குப் புரிவதில்லை. காலையில் உடம்பு களைத்த நாளின் இரவில் எழுதுகிற கட்டுரை நன்றாக வராது. படிப்பது முடியும், குறிப்பெடுப்பது முடியும், வாதத்தைக் கட்டுவது முடியாது.

ஆகவே அவுட்டிங் உள்ள நாளில் படியுங்கள், இல்லாத நாளில் எழுதுங்கள். செவ்வாய் காலை படகு என்றால் செவ்வாய் பகலில் நூல் பட்டியலை வாசித்துக் குறிப்பெடுக்கலாம். புதன் காலை முழுவதும் எழுதலாம். வியாழன் திருத்தலாம். கணக்குத் தாள் உள்ளவர்களுக்கும் இதே முறைதான். புதுக் கணக்குகளைத் தெளிந்த நாளில் போட்டுப் பார்த்துவிட்டு, சுத்தமாக எழுதி வைக்கும் வேலையை களைத்த நாளுக்கு விடுங்கள்.

என் முதல் லென்ட் பருவத்தில் வாரத்துக்கு ஐந்து அவுட்டிங்குக்குத் தலையாட்டினேன். நான்காம் வாரம் பாதி எழுதிய வேலையை ஒப்படைத்தேன். ஆசிரியர் திட்டவில்லை. "இந்த இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு என்ன சொல்ல நினைத்தாய்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் நான் அதற்கு மேல் யோசிக்கவே இல்லை. அன்று மாலையே கேப்டனிடம் போய் மூன்றாகக் குறைக்கச் சொன்னேன். அவர் ஒரு நிமிடத்தில் பட்டியலை மாற்றினார். ஒரு மாதமாக நான் பயந்த உரையாடல் அவ்வளவு நேரம்தான் எடுத்தது.

9. ஐந்தாம் வாரமும் நாவிஸ் பந்தயங்களும்

ஐந்தாம் வாரத்தில் எல்லாரும் சோர்ந்துபோவதற்கு அங்கே தனிப் பெயரே உண்டு, 'ஐந்தாம் வாரச் சோர்வு'. பகல் சுருங்குகிறது, முதல் உற்சாகம் தீர்ந்துவிடுகிறது, வேலை குவிகிறது. அந்த வாரம் ஓர் அவுட்டிங் குறைவாகப் போகிறேன் என்று மூன்றாம் வாரமே சொல்லி வையுங்கள்.

காரணம், அடுத்து வருவது பந்தயக் காலம். நவம்பர் பிற்பகுதியில் குவீன்ஸ் எர்க்ஸ், எம்மா ஸ்பிரின்ட்ஸ், கிளேர் நாவிஸ் பந்தயம் என்று வரிசையாக வரும், பருவக் கடைசியில் ஃபேர்பேர்ன் கோப்பை. பந்தய நாள் பாதி நாளை விழுங்கும். தேதிகள் முன்கூட்டியே தெரியும், அந்த வாரங்களின் சூப்பர்விஷனை ஒரு மாதம் முன்பே மாற்றிக் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள். இரண்டு நாள் முன்பு கேட்டால் மாட்டார்கள்.

10. லென்ட்: பம்ப்ஸ் வாரம்

பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கத்தில் லென்ட் பம்ப்ஸ். ஆறு குறுகலானதால் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதில்லை. ஒன்றன் பின் ஒன்றாக, ஒன்றரைப் படகு நீள இடைவெளியில் நின்று, பீரங்கிச் சத்தம் கேட்டதும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. முன்னால் உள்ள படகை இடித்தால் மறுநாள் இருவரும் இடம் மாறுவார்கள்.

செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாளில் நான்கு நாள் நீங்கள் ஓட வேண்டும். பந்தயம் சில நிமிடம்தான், ஆனால் கிளம்புவது, வரிசையில் காத்திருப்பது, திரும்புவது என்று ஏறக்குறைய மூன்று மணி போகும், அதுவும் பிற்பகலில். பிற்பகல் ஆய்வகம் உள்ளவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். உங்கள் டிவிஷன் (ஒன்றாகக் கிளம்பும் படகுகளின் பிரிவு) எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு, ஆய்வகப் பொறுப்பாளரிடம் வேறு குழுவோடு செய்ய அனுமதி கேளுங்கள்.

இன்னொன்று. உங்கள் படகு டிவிஷனின் உச்சிக்கு வந்துவிட்டால் அன்றே அதற்கு மேலுள்ள டிவிஷனின் கடைசியிலும் ஓட வேண்டும். இதற்கு 'சாண்ட்விச் படகு' என்று பெயர். அந்த வாய்ப்பு இருந்தால் அன்று மாலை வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த வாரத்துக்கான கட்டுரையை முந்தின வார இறுதியிலேயே முடித்துவிடுங்கள். பம்ப்ஸ் வாரத்தில் மனம் ஆற்றில்தான் இருக்கும். அதோடு சண்டை போடுவதைவிட வேலையை முன்னால் தள்ளுவது எளிது.

11. ஈஸ்டர்: தேர்வும் மே பம்ப்ஸும்

மே பம்ப்ஸ் நடப்பது ஜூனில், பெரும்பாலான தேர்வுகள் முடிந்த பிறகு. ஆனால் பயிற்சி தேர்வுக் காலத்தின் ஊடேதான். வெளிச்சம் அதிகாலை ஐந்து மணிக்கே வந்துவிடுவதால் நேரம் பொருத்துவது நவம்பரைவிடச் சுலபம். நான் கண்ட அளவில், தேர்வுப் பருவத்தில் படகை முழுவதும் விட்டவர்கள் அதிகம் படித்துவிடவில்லை. வாரத்துக்கு மூன்று என்று நிலையாக வைத்துக்கொண்டவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், நேரத்துக்கு எழுந்தார்கள். மூன்றை நான்காக்க மட்டும் யார் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள்.

தேர்வுக்கு முந்தின நாளும் தேர்வு நாளும் படகு வேண்டாம். களைப்பு ஒரு காரணம். இன்னொன்று, புதுக் கொப்புளம் உடைந்த கையால் மூன்று மணி நேரம் பேனா பிடிப்பது. உங்கள் தேர்வுத் தேதிகள் வந்த அன்றே கேப்டனுக்கு அனுப்பிவிடுங்கள். எட்டுப் பேரின் தேதிகளையும் வைத்துத்தான் அவரால் பட்டியல் போட முடியும்.

ஓராண்டு முதுகலை படிப்பவர்கள் ஆய்வேட்டுக் கெடு எப்போது என்று பாருங்கள். அது ஜூனில் விழுந்தால் மே பம்ப்ஸுக்கு மாற்று ஆளாக மட்டும் பெயர் கொடுங்கள்.

12. நிறுத்த வேண்டி வந்தால்

சிலருக்கு ஒரு பருவத்துக்குப் பிறகு இது ஒத்துவராது என்று தெரியும். மதிப்பெண் இறங்கினாலோ, முதுகு வலித்தாலோ, வெறுமனே பிடிக்காமல் போனாலோ நிறுத்தலாம். செய்தி அனுப்பாமல் மெல்ல மெல்ல வராமல் போவதுதான் தவறு. கேப்டன் உங்களை எண்ணியே பட்டியல் போட்டுக்கொண்டிருப்பார்.

பந்தயம் முடிந்த வாரத்தில், அடுத்த பருவத்துக் குழு அமையும் முன் சொல்லுங்கள். கழகத்தின் உடை உங்களிடம் இருந்தால் துவைத்துத் திருப்பிக் கொடுங்கள். ஆற்றை விட மனமில்லை, நேரம் மட்டும்தான் இல்லை என்றால் காக்ஸாக முடியுமா என்று கேளுங்கள். எர்க் பயிற்சி கிடையாது என்பதால் வாரத்தில் சில மணி மிச்சமாகும், காக்ஸ் இல்லாமல் தவிக்கிற படகு எல்லாக் கல்லூரியிலும் ஒன்றாவது இருக்கும். அதற்கும் தாளை முதலில் நிரப்பிக்கொண்டு போங்கள்.